தேயாத சக்கரம்

போன வாரம் நான் மோட்டார் ஷெட்டுப் பக்கம் வந்திருந்தபோது உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். ஒரு பக்கத்து பிரேக் மட்டும் தேய்ந்து வந்திருந்த வண்டியில், தேய்ந்த சக்கரத்தை விட்டுவிட்டு நன்றாக இருக்கிற சக்கரத்தை முதலில் தூக்கச் சொன்னேனே, அது எதற்கு என்று. "பழக்கமுங்க" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தொழில் ரகசியத்தை மறைக்கிறேன் என்று அவர் நினைத்திருப்பார். அப்படி ஒன்றுமில்லை. நாலு பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் எனக்குப் பேச்சு வராது. இருபது வருஷத்துக்கு மேல் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பிழைத்தவன். வாடிக்கைக்காரர்களை எனக்குச் செருப்பை வைத்துத்தான் அடையாளம் தெரியும்.

எழுதுவது கொஞ்சம் எளிதாக இருக்கிறது. காகிதம் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. எட்டாவதோடு நின்ற படிப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் எவ்வளவு பெரிய மேஸ்திரி என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை என்பது படித்துக்கொண்டு போனாலே தெரியும்.

இப்போது உங்களிடம் வருகிற புது வண்டிகளில் எண்ணெய் பிரேக் வந்துவிட்டது. உலகச் சண்டைக்கு முன்னால் எங்களிடம் வந்த வண்டிகளில் பெரும்பாலும் கம்பி பிரேக்தான். மிதியிலிருந்து பின்னால் போகிற கம்பி ஒரு குறுக்குத் தண்டில் சேரும். அந்தத் தண்டின் இரண்டு முனையிலிருந்தும் சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு கம்பி. தராசு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மிதித்தால் இரண்டு தட்டும் சமமாக இழுக்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். நான் அதை மறந்து ஆறு மாதம் ஆடிய கூத்துதான் மீதிக் கதை.

அந்த வண்டி ஒரு பிளஷர் கார். பரமத்தி வேலூரிலிருந்து மூன்று மைல் உள்ளே தள்ளி, காவிரிக் கரையில் வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் கரும்புமாக இருந்த ஒரு பண்ணையின் வண்டி. பண்ணைக்கு உடையவரை அவருடைய ஆட்கள் பண்ணாடி என்பார்கள். நானும் இங்கே அப்படியே சொல்கிறேன். ஆள் நல்ல கனம். வண்டியின் மேல் அவருக்கு இருந்த மதிப்பு அதைவிடக் கனம். மூட்டை முடிச்சு எதுவும் அதில் ஏறக் கூடாது. ஒருமுறை சம்பந்தி வீட்டில் கொடுத்த பலாப்பழத்தை மாட்டுவண்டியில் பின்னால் வரச் சொல்லிவிட்டு, தான் மட்டும் காரில் முன்னால் வந்து, பழத்துக்காக வாசலில் காத்திருந்தாராம்.

டிரைவர் செல்லமுத்து என் வயதுக்காரர். அலட்டல் இல்லாத ஓட்டம். ஷெட்டுக்கு வண்டி கொண்டுவரும்போதெல்லாம் மாப்பிள்ளை அழைப்புக்குக் கொண்டுவருவதுபோல் கழுவித் துடைத்துத்தான் கொண்டுவருவார். சேறும் சாணியும் முகத்தில் விழாமல் வேலை செய்யலாம் என்று எனக்கு அதில் சந்தோஷம். அந்தச் சந்தோஷம் எவ்வளவு முட்டாள்தனமானது என்று பின்னால் தெரிந்தது.

பின் சக்கரம் இரண்டுக்கும் நான்தான் புது லைனிங், அதுதான் சக்கர டிரம்மில் உரசுகிற பட்டை, அடித்துக் கொடுத்தேன். இரண்டே மாதத்தில் வண்டி திரும்பி வந்தது. வலது பக்கம் ரிவெட் தலை வெளியே தெரிகிற அளவுக்குத் தேய்ந்து, டிரம்மில் கோடு விழுந்திருந்தது. இடது பக்கத்தையும் கழற்றிப் பார்த்தேன். நான் அடித்துக் கொடுத்த மாதிரியே இருந்தது. அதைப் பார்த்ததும் என் மனதில் தோன்றியது என்ன தெரியுமா? ஆகா, எப்படிப்பட்ட வேலை செய்து வைத்திருக்கிறேன் என்பதுதான். டிரம்மின் உட்புறம் செம்பழுப்பாகத் துரு பிடித்திருந்தது. ஆற்றங்கரைப் பனி என்று முடிவுகட்டித் துணியால் துடைத்தேன். தினமும் உரசுகிற இடம் கண்ணாடிபோல் மின்ன வேண்டுமே, அங்கே எப்படித் துரு வந்தது என்றோ, அந்தப் பனி வலது சக்கரத்தில் ஏன் விழவில்லை என்றோ எனக்குத் தோன்றவில்லை. மாட்டிவிட்டு, நல்ல மாட்டைத் தட்டுவதுபோல் அந்தச் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினேன்.

வலது பக்கத்து லைனிங் மட்டமான சரக்கு என்று சொல்லி வேறு அடித்தேன். பிரேக் போட்டால் வண்டி வலது பக்கமாக இழுக்கிறது என்றார் செல்லமுத்து. புது லைனிங் அப்படித்தான் பிடிக்கும், போகப் போகச் சரியாகும் என்று சொல்லி அனுப்பினேன்.

போகப் போக, வலது பக்கம் மறுபடியும் தேய்ந்தது. இந்தத் தடவை பண்ணாடியே வண்டியில் வந்திருந்தார். லைனிங்கைக் குறை சொல்ல முடியாது, டிரம்மையும் கடைந்தாயிற்று. வண்டிக்கு அடியில் படுத்து யோசித்துக்கொண்டிருந்தபோது, மேலே அவர் வலது பக்கத்துக் கதவு வழியாக இறங்கினார். வலது பக்கம் ஒரு விரற்கடை மேலே எழும்பியது. எனக்கு ஞானம் பிறந்துவிட்டது. இவ்வளவு கனத்த ஆள் தினமும் வலது பக்கம் உட்கார்ந்தால் அந்தச் சக்கரம்தானே பாடுபடும்?

வெளியே வந்து, அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"எசமாங்க வழக்கமா எந்தப் பக்கம் உக்காருவீங்?"

"டிரைவருக்குப் பின்னால. ஏன்?"

"கொஞ்ச நாளைக்கு இடப்பக்கமா உக்காந்து பாத்தா தேவலீங்..."

"சக்கரத்த நாந்தான் திங்கறேன்னு சொல்றியா, மேஸ்திரி?" என்றார். கோபமா வேடிக்கையா என்று செருப்பிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆனால் பெரிய மனிதர், சொன்னபடி செய்தார். அன்றிலிருந்து இடது பக்கம் உட்கார ஆரம்பித்தார். ஜோசியர் சொல்லித்தான் இடம் மாற்றினார் என்று வேலூர்ப் பக்கம் பேச்சுப் பரவி, இன்னும் இரண்டு பேர் தங்கள் வில்வண்டியில் இடது பக்கமாக மாறினார்கள் என்று கேள்வி.

மூன்றாவது தடவை ஆறே வாரம். பரமத்திக்குப் பக்கத்தில் எதிரே கரும்பு வண்டி வந்திருக்கிறது. செல்லமுத்து மிதித்ததும் கார் வலது பக்கம் திரும்பி, மாட்டின் கொம்புக்கு ஒரு சாண் தள்ளி நின்றிருக்கிறது. பண்ணாடி அப்படியே நேராக ஷெட்டுக்கு வந்துவிட்டார். அவருக்கு இன்னும் பயம் தெளியவில்லை. தெளியாத பயம் கோபமாக வந்துகொண்டிருந்தது. ஷெட்டில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"ஒரே ஒரு பேச்சு கேக்கறேன்" என்றார். "கோளாறு வண்டிலயா, ஓட்டறவங்கிட்டயா?"

தம்பிகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். 'தெரியவில்லை' என்று ஒரு சொல் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு எனக்குத் தைரியம் இல்லை. நாலு பேர் பார்க்கிறார்கள். மூன்று தடவை லைனிங் அடித்தவன் நான். பெரிய மனிதரை வேறு இடம் மாற்றி உட்கார வைத்திருக்கிறேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"ஓட்டறதுலதான் இருக்கும்போலங்க. கை பிரேக்கப் பாதி இழுத்து உட்டுட்டே ஓட்டுனாக்கூட இப்பிடித் தேயும்."

பண்ணாடி செல்லமுத்துவின் பக்கம் திரும்பினார். "வெள்ளிக்கெழமையோட நின்னுக்க" என்றார். அவ்வளவுதான்.

செல்லமுத்து வாதாடவில்லை. நான் வலது பக்கத்துக்கு நாலாவது லைனிங்கை அடித்து முடித்து வெளியே வந்தபோது மட்டும் மெதுவாகச் சொன்னார்.

"ஒரு நா வந்து எம் பக்கத்துல உக்காந்து பாத்துட்டு அந்த வார்த்தயச் சொல்லியிருக்கலாமுங்க. ஓட்டத் தெரியாதவன்னு பண்ணாடி துரத்துனா, சேலம் வரைக்கும் ஒருத்தரும் என்ற கைல வண்டியக் குடுக்கமாட்டாங்க."

நான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சுத்தமாகிவிட்ட கையையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டி போன பிறகு ஷெட் முதலாளி என்னைக் கூப்பிட்டார். அதிகம் பேசாதவர். அன்று ஒரே கேள்விதான் கேட்டார். "ஏப்பா, மிதி ஒண்ணு, கை பிரேக்கும் ஒண்ணு. அது ரெண்டு சக்கரத்தயும்தானே புடிக்கும்? ஒருத்தன் எத்தன கெட்டிக்காரனா இருந்தாலும் வலது சக்கரத்த மட்டும் எப்பிடித் தேய்ப்பான்?"

வருஷக்கணக்காகக் கம்பி பிரேக்கைக் கழற்றி மாட்டியவன் நான். அது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு மனுஷனுடைய பிழைப்பை, கணக்குக்கு ஒத்துவராத ஒரு பேச்சால் கெடுத்தாயிற்று என்பது மட்டும் புரிந்தது. என் மனைவியின் அக்காளை வேலூரில் கொடுத்திருந்தார்கள். புதன்கிழமை மாலை, விசேஷம் ஒன்றும் இல்லாமலே அங்கே போய் இறங்கினேன். காலையில் செல்லமுத்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிடுவது என்று எண்ணம்.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் பண்ணைக்கு நடக்கக் கிளம்பினேன். பஸ் நிற்கிற இடத்தில், சேலம் போகிற முதல் பஸ்ஸின் மேல் வெற்றிலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காப்பிக் கடைப் பக்கம் ஒதுங்கினேன். அப்போது அந்தக் கார் வந்தது.

கார் வந்த கோலத்தைச் சொல்கிறேன். இடது பக்கத்தில், கதவுக்குக் கீழே ஏறி மிதிக்கிற ஃபுட்போர்டில், கதவுக் கைப்பிடி உயரத்துக்கு, ஈரச் சாக்கு சுற்றிய வெற்றிலைக் கட்டுகள். வலது ஃபுட்போர்டில் ஸ்டெப்னி இருந்ததால் பாரம் வைக்க இடது பக்கம்தான் இடம். கட்டிய கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பின் சீட்டில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். காலடியில் தண்ணீர்ப் பாத்திரம். கட்டு காய்ந்துவிடாமல் அதிலிருந்து அள்ளி அள்ளித் தெளித்துக்கொண்டே வந்தார். அந்தத் தண்ணீர் சாக்கில் ஊறி, ஃபுட்போர்டில் வழிந்து, நேரே பின்னால் இருந்த இடது சக்கரத்தின் உட்புறம் கோடுபோல் இறங்கிக்கொண்டிருந்தது. வண்டி நின்ற இடத்திலும் சொட்டியது. சக்கரத்திலிருந்து சொட்டிய தண்ணீர் துருச் சிவப்பாக இருந்தது.

அந்த அம்மாள் பண்ணாடியின் அக்காள். கணவர் இறந்த பிறகு தம்பி வீட்டோடு வந்து, கொடிக்கால் முழுவதையும் பார்த்துக்கொள்கிறவர். ஆட்கள் அவரைப் பெரியம்மா என்பார்கள். நான் வழக்கப்படி காப்பிக் கடைத் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். பார்த்துவிட்டார்.

"ஆரது, ஷெட்டு மேஸ்திரிதானே? பொண்ணு பாக்க வந்தவனாட்டத் தூணுக்குப் பின்னால எதுக்கு நிக்கறே?"

செல்லமுத்துவின் முகம் செத்துப்போயிற்று. கோள் சொல்வதற்காக வேவு பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். ஷெட்டில் நான் நடந்துகொண்டதற்கு அப்படி நினைத்ததில் தப்பில்லை.

"நீ இங்க பாத்தத என்ற தம்பிகிட்டச் சொல்லிப்போடாதே" என்றார் பெரியம்மா. மாட்டுவண்டியில் அனுப்பினால் முதல் பஸ் போய்விடுகிறதாம், அடுத்த பஸ்ஸுக்குள் இலை வாடிவிடுகிறதாம். கார் நிற்பது கொடிக்காலை ஒட்டிய கொட்டகையில். தம்பி எழுந்திருப்பதற்குள் போய்த் திரும்பி, செல்லமுத்து வண்டியைக் கழுவியும் விடுவார். எட்டு மாதமாக இப்படித்தான். ஊருக்கே தெரியும், பண்ணாடிக்கு மட்டும் தெரியாது.

கட்டுகளை இறக்கியதும் ஜாக்கியை வாங்கி இடது பின் சக்கரத்தைத் தூக்கினேன். சக்கரத்தைச் சுற்றவிட்டு பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பது அந்த ஆறு மாதத்தில் ஒருமுறைகூட நான் செய்யாத வேலை. கெடாததை எதற்குச் சோதிக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். கையால் சுற்றிவிட்டு, செல்லமுத்துவை பிரேக்கை மிதிக்கச் சொன்னேன்.

சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"மிதிங்க."

"மிதிச்சுட்டுத்தானுங்க இருக்கறேன்."

"இன்னும் நல்லா."

"இதுக்கு மேல மிதிச்சாப் பலக ஒடஞ்சுபோகுமுங்க."

சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றியது. லைனிங் அடித்த பிரேக் ஷூவை டிரம்மில் உரசும்படி விரித்துக் கொடுக்கிற சின்னத் தண்டு, தினமும் தண்ணீர் இறங்கித் துருவேறி, அசையாமல் இறுகிக் கிடந்தது. இடது பக்கத்து பிரேக் செத்து எத்தனையோ மாதம் ஆகியிருக்கிறது. இரண்டு ஆள் வேலையை வலது சக்கரம் ஒன்றே செய்து தேய்ந்திருக்கிறது. நான் பாடுபட்டவனைத் திட்டித் திட்டி மாற்றிக்கொண்டிருந்தேன். சும்மா இருந்தவனைத் தட்டிக்கொடுத்தேன்.

காரில் ஏறிப் பண்ணைக்குப் போனோம். வழியில் செல்லமுத்து பாதையைப் பார்த்தபடியே சொன்னார்: "பெரியம்மா பேச்ச எடுக்காதீங்க. நா வேணும்னா வேலய உட்டுப் போயிக்கறேன்." பின் சீட்டில் பெரியம்மா பாத்திரத்தில் மிச்சமிருந்த தண்ணீரை வெளியே கொட்டினார். அக்காளின் பெயரை இழுக்காமல் என் தப்பை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தேன். மூன்று மைலும் அதையே உருப்போட்டுக்கொண்டு போனேன்.

பண்ணாடி கிணற்றடியில் வேப்பங்குச்சியோடு நின்றிருந்தார். காரிலிருந்து அக்காளும் நானும் இறங்குவதைப் பார்த்துக் குச்சி அப்படியே வாயில் நின்றது. பெரியம்மா நேரே வீட்டுக்குள் போய்விட்டார். நான் உருப்போட்ட வாக்கியத்தை மறந்துவிட்டேன்.

"தப்பு என்ற மேலங்க" என்றேன். "டிரைவர் மேல ஒண்ணுமில்லீங். இடது பக்கத்து பிரேக் இறுகிக் கெடக்குது. நா அத ஒரு நாளும் சுத்தவுட்டுப் பாக்கலீங்."

"எதனால இறுகுச்சு?"

"தண்ணி எறங்கியிருக்குதுங்க."

"மழயே காணோமே" என்றார். பிறகு குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "இடது பக்கத்துக்கு மட்டும் மழ பேஞ்சுதா?"

ஆறு மாதமாக எனக்குத் தோன்றாத கேள்வி, பல் விளக்கிக்கொண்டிருந்தவருக்கு உடனே தோன்றிவிட்டது. நான் கிணற்றுக் கல்லைப் பார்த்தேன். செல்லமுத்து காரைப் பார்த்தார். சொன்னால் அக்காள் தலை குனிய வேண்டும். சொல்லாவிட்டால் என் பேச்சை யார் நம்புவார்கள்? எனக்கு அந்த வேலையை வைக்காமல் பெரியம்மாவே வாசலுக்கு வந்தார்.

"என்ற வெத்தலத் தண்ணி" என்றார். "தெனமும் உன்ற வண்டிலதான் போகுது. தாம்பூலம் போட்டுட்டு, செவந்த வாயோட நீ பிளஷர்ல போகலாம். அந்த எல போகக் கூடாதா? நீயும் எந் தம்பிதான், அதும் எங் கொடிக்கால்தான். அவன வேலய உட்டுத் தள்ளாதே. நாஞ் சொல்லித்தான் ஓட்டுனான்."

பண்ணாடி வாயைக் கொப்பளித்தார். நெடுநேரம் கொப்பளித்தார். அக்காளையும் டிரைவரையும் தாண்டி என்னிடம்தான் வந்தார்.

"அப்ப, ஒண்ணர மாசமா நா இடப்பக்கம் உக்காந்துட்டு வந்தது எதுக்கு, மேஸ்திரி?"

நான் ஜாக்கியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அன்று பகல் முழுவதும் அந்த முற்றத்திலேயே வேலை. தண்டை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டுத் தட்டித் தட்டிக் கழற்றி, துருவைச் சுரண்டி, கிரீஸ் வைத்து மாட்டினேன். பண்ணாடி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, ஒரு நாள் இடது பக்கமும் ஒரு நாள் வலது பக்கமும் கட்டு வைத்தால் என்ன என்று கேட்டார். ரெண்டு சக்கரமும் இறுகிவிடும், தேய்மானம் சரியாக இருக்கும், வண்டிதான் நிற்காது என்றேன். அவர் சிரித்தார். என் பேச்சுக்கு ஒரு வாடிக்கைக்காரர் சிரித்தது அதுதான் முதல் தடவை. கடைசியில் ஃபுட்போர்டின் மேல் ஒரு தகரத் தட்டு வைத்து, தண்ணீர் முன் பக்கமாகக் கீழே விழும்படி ஓட்டை போட்டுக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமையைப் பற்றி யாரும் பேசவில்லை. "மேஸ்திரிய வேலூர்ல உட்டுட்டு வா. இனித் தெனமும் வெத்தலைக்கு நேரத்துலயே வந்துரு" என்று செல்லமுத்துவிடம் சொல்லிவிட்டுப் பண்ணாடி உள்ளே போனார்.

அன்று முதல், ஒரு பக்கம் தேய்ந்து வருகிற வண்டி எதுவானாலும் தேயாத சக்கரத்தைத்தான் நான் முதலில் தூக்கிச் சுற்றிப் பார்க்கச் சொல்வேன். வண்டியைக் கழுவாமல் கொண்டுவரச் சொல்வேன். முக்கியமாக, வண்டியில் என்ன ஏற்றுகிறீர்கள் என்று கேட்பேன். செருப்பைப் பார்த்துக்கொண்டாவது கேட்பேன். யார் மேல் தப்பு என்று உங்களிடம் நாலு பேர் முன்னால் கேட்டால், தெரியாதபோது தெரியாது என்று சொல்லுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். அந்த வெட்கம் ஒரு நாளில் போய்விடும்.

அன்று மாலை பண்ணையிலிருந்து புறப்படும்போது செல்லமுத்து கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வலப்பக்கமா, இடப்பக்கமா? எந்தப் பக்கம் உக்காருவீங்?" என்றார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. நான் முன்னால், அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்கு மூன்று மைல் இருந்தது. வாழைத் தோப்பு தாண்டியதும் சொல்லலாம், வாய்க்கால் பாலம் தாண்டியதும் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டே வந்தேன். வேலூருக்கு முன்னால் ரோடு நேராக, ஆள் நடமாட்டம் இல்லாமல் வருகிற இடத்தில் அவர் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினார். பிறகு ஸ்டேரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே பிரேக்கை மிதித்தார்.

கார் நேராகப் போய் நேராக நின்றது.